எல்லா வட்டத்திலும் மச்சான் முகம்

பிப்ரவரி 3, செவ்வாய்

போனில் இடம் இல்லையாம். காலையில் கண்ணைத் திறந்ததும் உள்ளே இருக்கிற அந்தப் பொம்பளைக் குரல் இதைத்தான் சொல்கிறது. போனுக்கு வந்து விழுகிற எழுத்தை வாசித்துக் காட்டுகிற மாதிரி மகள் போன வருஷம் வைத்துக் கொடுத்தாள். நான் பேசினால் எழுதிக்கொள்ளும், எழுதினதை அதுவே எனக்குப் படித்தும் காட்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் டைரி எழுதுகிறேன் என்றால், செத்துப்போன என் பெண்டாட்டி எழுந்து வந்து சிரிப்பாள்.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடுங்க மாமா, தேவையில்லாததை எல்லாம் அழிச்சுத் தரேன்."

எது தேவையில்லாதது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எழுத்து தெரியாது என்பதால் உறவு மொத்தமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ்தான் போடும். வருஷக்கணக்காகச் சேர்ந்த குரல். யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், எந்த மாசம், என்ன கோபத்தில் — அவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. ஒன்றைக்கூட அழிக்கவும் இல்லை.

"அப்படி என்ன புதையலா வச்சிருக்கீங்க?"

"உன் குரலும் இருக்கும்மா"ன்னேன். தலை உள்ளே போய்விட்டது. இப்போது 'காபி ஆறுது'ன்னு அவள் கத்தினதையும் போன் இதில் எழுதியிருக்கும். எழுதட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

போன் கடைக்குப் போய் குரல்களை மெமரி கார்டுக்கு மாற்றச் சொன்னேன். பெயர் எழுதின ஃபோல்டரை வைத்து நான் என்ன பண்ணுவது? ஆளுக்கு ஒரு படம் போடச் சொன்னேன். மகன் தண்ணீர் வாரியத்தில் மோட்டார் ஓட்டுகிறவன், அவனுக்குக் குழாய். மருமகளுக்குக் கத்திரிக்கோல். தையல்காரி, நாக்கும் அதேதான். மச்சானுக்கு, அதாவது என் பெண்டாட்டியின் தம்பிக்கு, பீடி. மகளுக்குக் குருவி. மாப்பிள்ளைக்கு நாய். நானாகப் பழிக்கவில்லை. அவர் வளர்க்கிற நாயைத்தான் அவரே வாட்ஸ்அப்பில் தன் முகப்படமாக, டிபியாக வைத்திருக்கிறார்.

"பூட்டு இல்லாம வச்சிருக்கீங்களே பெரியவரே, யார் கையில கிடைச்சாலும் திறந்திடுவாங்க" என்றார் கடைக்காரர். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். பிடிக்கவில்லை. ஆயுசு பூரா சிமெண்டிலும் டைல்ஸ் பசையிலும் கிடந்த விரல், ரேகையே தேய்ந்து போச்சாம். கைநாட்டு, கைநாட்டு என்று ஊரே என்னைச் சொன்னது. இப்போது படித்தவன் எல்லாம் விரலை வைத்துத்தான் போனைத் திறக்கிறான். எனக்கு அந்தக் கைநாட்டும் போச்சு.

கடைசியில் கோடு இழுக்கிற பூட்டு. மூலைக்கு மூலை டைல்ஸ் பிடிக்கிற மாதிரி ஒரு கோடு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 6, வெள்ளி

போன் கண்ணாடியில் தையல் சாக்பீஸ் தூள். கோடு இழுத்துப் பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை போல, மத்தியானம் முழுக்க மூஞ்சி தொங்கிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

மகள் குரல் வந்தது. பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள்.

"ப்பா, ஹால்ல காமிரா இருந்ததுல்ல, இப்ப அடுப்படியிலயும் வச்சிட்டாரு. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே பாக்குறாரு. சாயங்காலம் வந்து என் போனை வாங்கி ஒண்ணொண்ணாப் பாப்பாரு. நான் அனுப்பினதும் என் பக்கம் அழிச்சிடுவேன். நீங்களும் கேட்டதும் அழிச்சிடுங்க. அழிச்சிட்டீங்கன்னா, 'சாப்பிட்டியா'ன்னு மட்டும் ஒரு வார்த்தை போடுங்க. புரிஞ்சுக்குவேன்."

மாப்பிள்ளை எதை எடுத்து அடித்தான் என்பதையும் சொன்னாள். அதை இந்தப் போன் எழுத வேண்டாம்.

அழிக்க வேண்டுமாம். நாளைக்கு நாலு பேர் கூடிப் பேசும்போது அந்த ஆள் 'நான் தொடவே இல்லை'ன்னு சொன்னால், நான் எதை எடுத்துப் போடுவேன்? குருவிக்குள் பத்திரமாக வைத்தேன்.

"சாப்பிட்டியாம்மா"ன்னு பதில் போட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மச்சான் போய்விட்டான். இருமி இருமியே போய்விட்டான்.

வாசல் கொள்ளாத செருப்பு. உள்ளே போனால் மருமகள் தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். "எங்க பெரியவர் மாதிரி ஒரு மனுஷன் உண்டா! எங்க வீட்டுல வந்து தங்கினா வீடே நிறைஞ்சிருக்குமே!" சுற்றி இருந்தவர்கள் இவளைத் தேற்றுகிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? கத்திரிக்கோலைத் திறந்தேன். போன மழைக்காலத்துக் குரல், கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன். சத்தத்தை முழுசாக வைத்தேன்.

"மாமா, உங்க மச்சான் இன்னும் கிளம்பல. எப்பத் தொலைவாருன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. வீடு பூரா பீடி நாத்தம்."

பிணத்துக்குப் பக்கத்தில், இவள் குரல். அழுதவர்கள் அப்படியே நின்றார்கள். மூலையில் ஒருத்தி சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினாள். மருமகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரத்தம் சுண்டிப்போய், தையலில் இழுத்துக் கெட்ட துணி மாதிரி. மச்சான் உயிரோடு இருந்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பான்.

மகள் வரவில்லை. மாப்பிள்ளை அனுப்பவில்லை. எழுத்தில் ஒரு இரங்கல் மட்டும் போட்டிருந்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மருமகள் பேச்சை நிறுத்திவிட்டாள். டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம்தான் இப்போது அவள் எனக்குச் சொல்கிற வார்த்தை.

"சாவு வீட்டுல பண்ற காரியமாப்பா அது?" என்றான் மகன். "பொய் சொன்னா, உண்மையைப் போட்டேன்"னேன். "உங்களுக்கு வயசாச்சே தவிர..." பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். இந்தத் தடவை ஊருக்கு வெளியே, அணைப் பக்கம். செவ்வாய்க்கிழமை வருவான்.

பிப்ரவரி 14, சனி

கூத்தைப் பார். துக்கம் என்று எல்லாரும் டிபியை மாற்றிவிட்டார்கள். எல்லாரும் ஒரே படம், நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிற மச்சான். மேலே தள்ளினால் மச்சான், கீழே தள்ளினால் மச்சான். உயிரோடு இருந்தபோது ஒரு வீட்டிலும் நாலு நாள் இடம் கொடுக்கவில்லை. இப்போது எல்லார் போனிலும் குடியேறிவிட்டான்.

பக்கத்தில் எழுதியிருக்கிற பேர் எனக்கு எறும்பு வரிசை. அந்தப் பொம்பளைக் குரலும் வந்த மெசேஜைத்தான் வாசிக்கும், பேரை வாசிக்காது. வட்டத்துக்குள் இருக்கிற படம்தான் எனக்குப் பேர். யார் எது என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

பிப்ரவரி 16, திங்கள்

மறுபடி தண்ணீர் சத்தம். ஆனால் குரல் நிமிர்ந்திருந்தது. இப்படி அவள் பேசிக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

"ப்பா, வியாழக்கிழமை காலையில பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போறேன்னு கிளம்புவேன். திரும்பி வர மாட்டேன். அண்ணனை வண்டியோட பள்ளிக்கூட கேட்டுல நிக்கச் சொல்லுங்க. தனியா பஸ் ஏற எனக்குத் தைரியம் இல்ல. அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்துடுவான்ல? நேர்ல சொல்லுங்க ப்பா, வாயால. போன்ல வேண்டாம். அண்ணிக்குக்கூட இப்பத் தெரிய வேண்டாம். கேட்டதும் அழிச்சிடுங்க."

சாப்பிட்டியாம்மா என்று போட்டேன். குருவிக்குள் போட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மகன் வரவில்லை. காலையில் அவனே கூப்பிட்டான், மாற்று ஆள் வரலையாம், வியாழன் மத்தியானம்தான் வர முடியுமாம். நான் விஷயத்தை எடுப்பதற்குள் லைன் போச்சு. அங்கே டவர் கிடைக்காது. திரும்பத் திரும்ப அடித்தேன். எப்போதாவது ஒரு நேரம் சிக்னல் வரும்போது மெசேஜ் மட்டும் போய் விழும்.

நான் வாயால் சொல்லி அனுப்பினால் நம்ப மாட்டான். தங்கச்சி விஷயத்தில் 'நீங்க ஒண்ணுக்கு ஒம்பதா சொல்லுவீங்க'ன்னு ஏற்கெனவே சொன்னவன். அவள் குரலையே கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அதற்குத்தானே சேர்த்து வைத்திருக்கிறேன்?

ஆனால் யார் மகன்? வரிசையாக மச்சான்கள். வெட்கத்தை விட்டு மருமகளிடம் நீட்டினேன். "இதுல உன் புருஷன் எதும்மா?"

மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே மாமா. செத்த வீட்டுல தேடி எடுத்தீங்களே. தேடுங்க."

இவளிடம் போய்க் கேட்டேனே, என் புத்தியைச் சொல்லணும். காலையில் பேசினவன் மகன். கடைசியாகப் பேசினவர்கள்தான் மேலே இருப்பார்கள். மேலே இருந்த முதல் மச்சானைத் தொட்டேன். ஃபார்வர்ட். போச்சு.

கொஞ்ச நேரத்திலேயே டிக் நீலமாச்சு. கேட்டுவிட்டான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சரி என்று அர்த்தம்.

பிப்ரவரி 18, புதன்

என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் தட்டி வைத்தேன். 'யாருக்கு'ன்னு மருமகள் கண்ணாலேயே கேட்டாள். நான் சொல்லவில்லை. நாளைக்குத் தெரியட்டும் இந்த வீடு யாருடையது என்று.

பிப்ரவரி 19, வியாழன்

மத்தியானம் மகன் வந்தான். தனியாக. தோளில் பை, கையில் காலி டிபன் பாக்ஸ்.

"எங்கடா?"

"எது?"

"உன் தங்கச்சியும் பாப்பாவும்டா."

என் முகத்தையே பார்க்கிறான். எதுவும் வரலியேப்பா என்கிறான். வராமலா கட்டைவிரல் போட்டே? எந்த விரல் என்கிறான் — அய்யோ. கோடு இழுக்க என் கையே வரல. மூலைக்கு மூலைடா, மூலைக்கு மூலைன்னு சொல்லி அவன் கையிலயே கொடுத்தேன். பார்த்தான். உட்கார்ந்துட்டான்.

"ப்பா. இது மாப்பிள்ளை."

நாய் எங்கடா போச்சு? அந்த ஆளு எதுக்கு என் மச்சான் படத்தை வைக்கணும்? ஒரு நாளாவது மச்சான்கூடப் பேசியிருப்பானா அவன்? ஊருக்கு நல்லவன் வேஷம். தினமும் காலையில் உறவு எல்லாருக்கும் வணக்கம்னு பூப்படம் அனுப்புவானாம், அதனால்தான் மேலே இருந்தானாம். நான் பூப்படத்தை எல்லாம் திறப்பதே இல்லையே.

அவள் நம்பருக்கு அடித்தோம். அணைத்து வைத்திருக்கிறது.

மருமகள் வந்து போனை வாங்கிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை குத்திக்காட்டினதுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "உடனே தெரிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் அழிச்சிருக்கலாம் மாமா. இனிமே அழிச்சும் பிரயோஜனம் இல்ல."

"அன்னைக்கே உன்கிட்டக் காட்டினேனே"ன்னேன்.

"காட்டினீங்க" என்றாள். தையல் மிஷின்மேல் துணி அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 21, சனி

மகன் போய்விட்டு வந்தான். ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபி கொடுத்தாராம். பாப்பா அவர் மடியில். மகள் சுவரை ஒட்டி நின்றாளாம், ஒரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்: "உங்கப்பா பெரிய மனுஷன் மச்சான். நேரத்துக்கு எனக்குத் தகவல் அனுப்பினாரு. இல்லன்னா குடும்பம் என்ன ஆயிருக்கும்?"

"போலீஸுக்குப் போலாம் வான்னேன்ப்பா. பாப்பாவை ஒரு பார்வை பாத்துட்டு, வரலன்னு சொல்லிட்டா."

வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் கிட்டே வந்தாளாம். "அப்பா ஏண்ணா இப்படிப் பண்ணாரு?"

"தப்பாப் போயிடுச்சுன்னு சொன்னியாடா?"

"சொன்னேன். அவ நம்பல. 'அப்பாவுக்கா தப்பு வரும்? எந்த வருஷம் யாரு என்ன சட்டை போட்டிருந்தாங்கன்னு சொல்லுற மனுஷனுக்கா ஆளு தெரியாமப் போகும்? அழிச்சிட்டேன்னு என்கிட்டச் சொன்னாரே, அப்புறம் எப்படி இருந்துச்சு அனுப்புறதுக்கு'ன்னா."



பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 25, புதன்

மகள் நம்பரிலிருந்து வந்தது, மருமகள் பார்த்துச் சொன்னாள். எழுத்து. அந்தப் பொம்பளைக் குரல் வாசித்தது: "அன்புள்ள அப்பா, நலமா? நானும் குழந்தையும் நலம். ஏன் பேசவில்லை? உங்கள் குரலைக் கேட்க வேண்டும்."

அவள் எனக்கு ஒரு நாளும் எழுத்தில் அனுப்பியதில்லை. பாப்பாவைக் குழந்தை என்று சொன்னதும் இல்லை.

நான் பதில் போடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

மகன் அங்கே போனபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இன்று அவள் கூப்பிட்டாள். புதன் சாயங்காலமும் வியாழன் சாயங்காலமும் ரொம்பச் சத்தமாம். "மகள் கேட்டாக்கூட உங்கப்பன் பேச மாட்டேங்குறான், என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கே"ன்னு கேட்டுக் கேட்டு அடித்தானாம்.

காலையிலும் அதே எழுத்து வந்தது. உங்கள் குரலைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

குரல் அனுப்ப வேண்டாம் என்றுவிட்டு மகன் வெளியே போய்விட்டான். வக்கீல் ஒருத்தரைப் பார்க்கப் போகிறானாம், அதற்கு இன்னும் எத்தனை நாளோ. மருமகள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் பேசினேன்.

"நல்லா இருக்கியாம்மா? மாப்பிள்ளை தங்கமான மனுஷன். உன் நல்லதுக்குத்தான் அன்னைக்கு அவர்கிட்டச் சொன்னேன். அவர் சொல்றபடி கேட்டு நட."

அனுப்புவதற்கு முன் இரண்டு பேரும் கேட்டோம். அவன் கேட்பான். கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, அவளுக்கும் போட்டுக் காட்டுவான்.

"அழுற மாதிரி இருக்கு மாமா" என்றாள் மருமகள். "சந்தேகப்படுவாரு. இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

சிரித்த மாதிரி சொன்னேன்.