ஓவர்டைம்

என்னவருக்கு,

டகோட்டாவில் பனி கொட்டுகிறதாம். கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். நன்றித் திருநாள் விருந்துக்கு வாங்கிய வான்கோழி, நீங்கள் வராததால் ஃப்ரீசரிலேயே கிடக்கிறது.

எண்ணெய்க் கிணற்றில் நீங்கள் பார்த்த ஓவர்டைமால் வருமானம் கூடிவிட்டதென்று நம் மகள் டெலைலாவின் இலவச மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டார்கள். "நீங்கதான் இப்ப ஏழை இல்லையேம்மா, சந்தோஷப்படுங்க" என்றாள் காப்பீட்டு ஆபீஸ்காரி. மகளின் மூச்சிரைப்பு மருந்தும் தீர்ந்திருந்தது.

நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டதாக அந்த ஆபீஸில் சொல்லிவிட்டேன். காப்பீடு திரும்பக் கிடைத்துவிட்டது. யாராவது விசாரித்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

டெலைலாவுக்கும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். "அப்பா இனிமே வரமாட்டாரு, அதானே?" என்று அவளே முந்திக்கொண்டாள். "உனக்கு யாருடி சொன்னது?" என்றேன். "யாரும் சொல்லலம்மா" என்றாள்.

நான் ஆபீஸில் சொன்னது பொய்தானே?

உங்கள் மனைவி