வருமானம் என்ற கட்டம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

முதுநிலைப் பொறியியலில் என் வகுப்பில் பன்னிரண்டு பேர் கட்டண உதவி கேட்டோம். பதினோரு பேருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் ‘குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுகிறது’ என்று ஒரே வரியில் பதில். அலுவலகத்து அம்மாளிடம், “எங்கப்பா சம்பளம் எந்த வரம்பையும் தாண்டாதே மேடம்” என்றேன். “நீங்க குடுத்த ஃபார்ம்ல இருக்கறதுதாம்மா” என்றார்.

படிவத்தில் என்ன எழுதினீர்கள்? முப்பதாம் தேதிக்குள் முழுக் கட்டணமும் கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 11

அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாப்பிள்ளையும் வந்துபோனார்கள். உன் அறை ஃபேன் சத்தம் போடுகிறது என்று போனில் சொன்னாயே, மேல் மூடிக்குள் இருக்கும் திருகை யாரையாவது இறுக்கச் சொல். எனக்கு ஒரு பழைய கட்டடத்து லிஃப்டோடு மூன்று நாளாக மல்லுக்கட்டு. கதவு மூடமாட்டேன் என்கிறது.

படிவத்தில் எழுத வேண்டியதைத்தான் எழுதினேன். பணத்துக்கு ஏதாவது வழி பண்ணுகிறேன். நீ படிப்பைப் பார்.

அப்பா


ஆகஸ்ட் 17

அப்பாவுக்கு,

ஃபேன் சத்தம் நின்றுவிட்டது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை.

கெஞ்சிக் கூத்தாடிப் படிவத்தைப் பார்த்துவிட்டேன். தொழில்: மேற்பார்வையாளர். வருமானம்: நீங்கள் வாங்குவதைப்போல் இரண்டரை மடங்கு. கீழே சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது. பார்த்ததும் விளங்கிவிட்டது. அக்கா கல்யாணம் பேசும்போது சொன்ன பொய்யை எட்டு வருஷமாகக் குடும்பமே சேர்ந்து காப்பாற்றுகிறோம். அத்தான் வந்தால் உங்கள் கிரீஸ் கறைச் சட்டையை ஒளித்துவைப்பது என் வேலைதானே!

கோபம் வருகிறது அப்பா. அழுகையும் வருகிறது.

திருத்திய படிவம் 28க்குள் வந்தால் மறுபடி பார்ப்பார்களாம். வெற்றுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் சாட்சி போட்டவரே இதிலும் போட வேண்டும். உங்களால் முடியாதென்றால் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 23

என் கண்ணுக்கு,

படிவம் இதோடு வருகிறது.

நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. படிவத்தை நீட்டி, “மாப்ள, நான் சூப்பர்வைசர் இல்ல. லிஃப்ட் மெக்கானிக். அன்னிக்கு உங்க முன்னாடி அதை எழுத மனசு வரல” என்றேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உன் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் பேனாவைத் தேடிக்கொண்டே, “தெரியும் மாமா” என்றார். “கல்யாணமான மறு மாசமே எங்க ஆபீஸ் லிஃப்ட்டைப் பார்க்க வந்தீங்களே.”

“அப்ப இந்தப் படிவத்துல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“நீங்க எழுதறப்ப சங்கடப்படக் கூடாதுன்னு வேற பக்கம் பார்த்துட்டு இருந்தேன். என் தப்புதான்.”

அந்தக் கட்டடத்துக்கு மாதம் ஒருமுறை போகிறேன். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன். அவர் ஒருநாளும் கண்ணில் படாததை என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். நான் வரும் நாளில் அவர் படியில் ஏறிப் போவாராம். ஆறு மாடி!

உன் படிப்போடு விளையாடிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

கிடைத்துவிட்டது! முக்கால்வாசிக் கட்டணம் தள்ளுபடி. மீதிக்கு முதலாண்டு மாணவர்களின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த அலுவலகத்து அம்மாள், “எங்க லிஃப்ட்டும் நின்னு போச்சும்மா” என்றார்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அத்தானின் முழங்காலை மட்டும் விசாரியுங்கள்.

உங்கள் வாலு


செப்டம்பர் 9

அன்பு வாலுவுக்கு,

இன்று மாப்பிள்ளையின் ஆபீஸில் சர்வீஸ். தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். என் வேலை முடிகிற நேரத்தில் அவர் பையோடு வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஆறாவது மாடிப் பொத்தானை நானே அழுத்தினேன். இறங்கும்போது, லிஃப்டில் கூட வந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, “எங்க மாமா” என்றார்.

அப்பா