மூன்றும் நான்கும், நான்கும் மூன்றும்

7 ஜூலை, திங்கள்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் மணல். காலை பாண், பருப்பு, பாதியில் போதும்.

புரொஸ்டேட்டில் ஊசியால் எடுத்த சதைக்கு முதல் ரிப்போட்: 3+4=7. நான்கு கொஞ்சம்தானாம். இப்படியே நின்றால் இப்போதைக்கு வைத்தியம் வேண்டாம், கவனித்துக்கொண்டிருக்கலாம் என்கிறார் டொக்டர். ஆனாலும் அந்தச் சதை வைத்த அதே கண்ணாடித் தகடுகள் கொழும்பில் இன்னொரு நிபுணரிடம்.

முறை: புற்றுநோயால் சுரப்பியின் அமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறது என்று பார்த்து மூன்று முதல் ஐந்து வரை புள்ளி. அதிகம் உள்ளது முதலில், அடுத்தது பின்னால், இரண்டையும் கூட்டு. ஆகக் குறைந்தது ஆறு. இவ்வளவு தாராளமான பரீட்சகரை, கணித வாத்தியாராக இருந்த காலம் முழுக்க நான் கண்டதில்லை.

மனைவி ரஹ்மா நேர்ந்து நிய்யத்து வைத்திருக்கிறாள். புள்ளி கூடாவிட்டால் அக்கம்பக்கத்துக்குப் பாற்சோறு.

10 ஜூலை, வியாழன்

அதே காற்று. கொழும்பு ரிப்போட்: 4+3=7.

டொக்டர் என்னைத் தனியாக வைத்துச் சொன்னார். குலைந்ததே அதிகம். இனிக் காத்திருக்க ஏலாது. எலும்பில் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன். என்ன வைத்தியம் என்பது அதன் பிறகு.

வெளியே மச்சான் நசீர். ரஹ்மாவின் தம்பி, உப்பு வியாபாரி, என் பழைய மாணவன். தாளை வாங்கிப் பார்த்தான்.

"ஏழு. மாறல்லயே மச்சான்."

"முன்னுக்குப் பின் மாறியிருக்கு."

"மூணும் நாலும் ஏழு, நாலும் மூணும் ஏழு. நீங்கதானே படிப்பிச்சீங்க? அடியும் போட்டு."

உண்மை. நோயாளிக்கு அந்த விதி பொருந்தாது என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

நான் வாய் திறக்கும்முன் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டான்: "அல்ஹம்துலில்லாஹ், அதே ஏழுதான் ராத்தா."

11 ஜூலை, வெள்ளி

வீடெல்லாம் தேங்காய்ப்பால் மணம். ஜும்ஆ முடிந்து கைகுலுக்கல்கள். ஒருவர்: "ஏழெண்டா பாஸ் தானே சேர்." நன்றி சொன்னேன்.

திரும்பி வரும்போது பாதி வீடுகளுக்குப் பாற்சோறு போயிருந்தது.

"நீங்க ஏன் இன்னும் வாயில வெக்கல்ல?" என்றாள் ரஹ்மா.

குசினியில் நின்றபடி சொன்னேன். நான்கு முன்னால் வந்தால் என்ன, ஸ்கேன் எதற்கு, எல்லாம்.

கரண்டியை வைத்தாள். "நசீருக்குத் தெரியுமா?"

"இல்ல."

அடுப்பை அணைத்தாள். பிறகு மீதிப் பீங்கான்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"பாதியில நிப்பாட்டினா ஊர் கேக்கும்."

கடைசி வீடு வரை அனுப்பினாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னது:

"ஸ்கேனுக்கு நசீர் வேணாம். நான் வாறேன்."