கண்ணாயிரம் கேட்க வந்தான்

திருவண்ணாமலை
26-2-1981

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி தவிர இங்கே எல்லாம் சுகம். பிலாயில் குளிர் விட்டதா, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள், விவரமாக எழுது.

பத்திரிகை வேலையை விட்டதும் குதிரைவண்டிக்காரர்களுக்கு மாலையில் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தேன் அல்லவா, பொங்கலுக்கு முன்பே அது படுத்துவிட்டது. காரணம் லாட்ஜ்காரன் கண்ணாயிரம். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதனால் யாருக்குச் சவாரி என்பதை அவனே முடிவு செய்வான். இவர்கள் படித்துவிட்டால் அவனை யார் கும்பிடுவார்கள்? ஜன்னலில் வந்து நின்று, "இன்னா மாமா, ஸ்லேட்டு எட்னு வந்தியா? மூக்கு ஒழுவுது பாரு, தொடச்சிக்கோ" என்று கூவுவான். பேரப்பிள்ளை எடுத்தவர்கள், கூசிப்போய் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இருசப்பன் மட்டும் வந்தான், அவனும் சவாரி இல்லாமல் குதிரையை விற்கப்போவதாகச் சொன்னான். கண்ணாயிரத்தைப் பற்றிப் பத்திரிகையில் போடச் செய்திருக்கலாம், மறுநாளே மறந்துவிடுவார்கள், அது அவனுக்குப் போதாது. ஏபிசிடியை மூட்டை கட்டிவிட்டு, இனிமேல் இங்கிலீஷில் சண்டை போடத்தான் சொல்லித் தருவேன் என்று வண்டி ஸ்டாண்டில் போய்ச் சொன்னேன். ஒருவன் வெள்ளைக்காரன், ஒருவன் வண்டிக்காரன், ஒருவன் கண்ணாயிரம் என்று வேஷம் போட்டுப் பேச வேண்டும். அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், வகுப்பு முடிந்துவிட்டது என்றாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

போன பௌர்ணமியன்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருசப்பன் வண்டியில் ஏறப்போக, அவன் குடிகாரன், ஏறாதீர்கள் என்று கண்ணாயிரம் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்ற இருசப்பன், "ஐ நோ டிரிங்க். ஹீ டிரிங்க். யூ ஸ்மெல் போத்" என்று சொல்லி வாயைத் திறந்து காட்டினானாம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் கண்ணாயிரம் தெருவில் போனால், "அண்ணே, கொஞ்சம் ஊது" என்று ஸ்டாண்டே கத்துகிறது. வெள்ளைக்காரர்களும் நேரே ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

நேற்று அவனே தட்டில் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். வகுப்பில் தன் வேஷத்தை எடுத்துவிட வேண்டுமாம். போனால் போகிறது என்றாள் உன் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. பழத்தை வாங்காமல் அவனை வகுப்புக்கு அழைத்துப் போய், இவர்களிடமே கேள், இங்கிலீஷில் கேள் என்றேன். கேட்டான். இருசப்பன் நிதானமாக மற்றவர்களைப் பார்த்து, "இன்னாபா சொல்றாரு? உனக்கு எதனா புரிஞ்சிதா?" என்றான். யாருக்கும் புரியவில்லையாம். திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். அண்ணாமலையார் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். சித்திரையில் வருவதானால் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்து வை.

உன் அப்பா
கோதண்டராமன்