நான் வைக்கவில்லை, அதுவாக அணைந்தது

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம் என்பதை உன் அத்தை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், இருக்கட்டும். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். நாற்காலியை இழுக்கும் சத்தத்துக்காக அவர்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன், இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அதை அத்தையிடம் விசாரிக்க வேண்டாம்.

வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி நீ கேட்ட அன்று, நான் முகத்தில் அடித்த மாதிரி பாதியில் அழைப்பைத் துண்டித்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறாய். போனில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணா, பெத்த பொண்ணுகிட்டயா உன் வீறாப்பு?" என்றாள். நான் வைக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக அணைந்தது என்றேன். "உனக்குக் கோபம் வர்ற நேரம் பார்த்து அதுக்கும் வருதாக்கும்" என்று சிரித்தாள். நீயும் அதைத்தான் சொல்வாய். அதனால்தான் போனில் வாதாடாமல் ஆதாரத்தோடு எழுதுகிறேன், முழுதாகப் படி.

கம்ப்யூட்டரின் பழைய பவர் சப்ளை புகைந்தபோது நீ ஓர் ஆளை அனுப்பினாய், நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் எதையும் கற்கவில்லை, புது பவர் சப்ளையையும் நானே மாட்டினேன். மதர்போர்டின் ஓரத்தில் போகும் பெரிய ப்ளக் டக்கென்று கொக்கி விழுந்து உட்கார்ந்தது. பிராசசருக்குப் பன்னிரண்டு வோல்ட் கொண்டுபோகும் சின்ன ப்ளக்கின் கம்பிதான் குட்டை. போர்டின் குறுக்கே இழுத்துப் பிடித்துச் செருகினேன், எட்டியது. செய்தி படித்தால் ஒன்றும் ஆகாது. உன்னோடு முகம் பார்த்துப் பேசும்போதுதான் மெஷினுக்கு வேலை அதிகம், அப்போது பார்த்துப் படுத்துவிடும். கடைக்காரரிடம் கேட்டால், "பழசாயிடுச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார். என்னைப் பார்த்துச் சொன்னாரா மெஷினைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

மூடியைக் கழற்றி வைத்து, போர்டில் அந்தப் பன்னிரண்டு வோல்ட் வந்து சேரும் இடத்தில் வோல்ட் மீட்டரின் முனையைப் பிடித்துக்கொண்டு, பேத்தி தத்தித் தத்தி நடக்கிற படத்தைத் திரை முழுக்க ஓடவிட்டேன். மெஷினுக்குப் பாரம் வேண்டுமே, அதற்காக. நான் பார்த்தது மீட்டரைத்தான். அவள் சோபாவைப் பிடித்துத் திரும்புவதற்குள் பன்னிரண்டு பதினொன்றுக்கும் கீழே இறங்கி, எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், இழுபட்ட கம்பி சின்ன ப்ளக்கின் ஒரு மூலையை மயிரிழை தூக்கி வைத்திருக்கிறது, கொக்கி விழவே இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கம்பியை உருவி, போர்டின் பின்பக்கமாகக் கொண்டுபோய் மேல் ஓட்டை வழியாக எடுத்தேன். சுற்றிப் போவதுபோல் தெரிந்தாலும் அதுதான் கிட்டத்து வழி, தளர்வாகவே எட்டியது. டக்கென்று கேட்டது. இப்போது பேத்தி சோபாவைத் தாண்டி, உன் கைக்கு வந்து சேர்கிற வரை படம் ஓடுகிறது, முள் பன்னிரண்டை விட்டு அசையவில்லை. சோதனைக்காகத் தினமும் ஓடவிடுகிறேன்.

கோபத்தில் நான் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். அன்று திரை எப்போது கறுத்தது என்று நான் பார்க்கவில்லை. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து நிறையப் பேசிவிட்டேன். வரமாட்டேன் என்று முதலில் சொன்னேன், அதில் மாற்றமில்லை. அதற்குப் பிறகு ஒன்று சொன்னேன். அதுவும் உன் காதில் விழவில்லை, எனக்கு அதை எழுத வராது. நீ கூப்பிட்டால் திரும்பச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். படத்தில் சோபா ஓரமாக ஒரு சார்ஜர் கம்பி கிடக்கிறது, பேத்தி கால் தடுக்கும், சுருட்டி மேலே வை. மூவரும் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அழைப்பை வைக்காத உன் அப்பா