யூரியா படாத அரை ஏக்கர்

ஜூன் 28, வெள்ளி

பட்டுப்புழு மூன்றாம் தோல் உரித்துவிட்டது. இனிமேல்தான் அசுரத் தீனி. கொல்லைக்குப் போய் மல்பெரியைப் பார்த்தேன். கோகுலகிருஷ்ணனின் (இங்கே புருஷன் பெயரை எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள்) அரை ஏக்கர் யூரியாவில் கருகருவென்று நிற்கிறது. என் அரை ஏக்கருக்குத் தொழு உரமும் பசுந்தாளாக மடக்கி உழுத சணப்பும் மட்டும்தான். இலை சின்னதாக, வெளிறிக் கிடக்கிறது. இந்த முறை இலை பற்றாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிச் சவுக்கு வைத்துவிடுவாராம். விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிற மனிதர். எல்லாம் சீக்கிரம் வெந்தாக வேண்டும்.

ஜூலை 3, புதன்

என் பாதியும் கருத்துவிட்டது! போன வாரம் சோகை பிடித்து நின்ற செடியா இது?

"பாத்தீங்களா, சாணிக்கு இருக்குற சத்த?"

"நல்லாத்தான் இருக்குது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். தோற்றால் மனிதருக்குப் பேச்சு வராது.

ஜூலை 7, ஞாயிறு

தட்டின் ஓரத்தில் நாலு புழு, வீங்கி மினுமினுவென்று. ஒன்றைத் தொட்டேன். பால் வடிந்தது. பால்புழு நோய், தொற்றிப் பரவுவது.

எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். போன தடவையும் கடைசியில் ஏழெட்டு இப்படிச் செத்தன. புழு எச்சத்தையும் தின்ற மிச்சத்தையும் குழியில் மூன்று மாதம் மக்க விட வேண்டும். நான் விட்டேனா? இலையைப் பெருக்கிக் காட்ட வேண்டுமென்ற அவசரம் — அந்தத் தடவை எச்சத்தைப் பச்சையாக அள்ளி என் பாதியில் கொட்டினேன். மழையில் தெறித்து இலையில் ஒட்டியிருக்கும். அதை நானே வெட்டி வந்து போட்டேன். ஏண்டி கோதை, இப்படிப் பண்ணிட்டியே.

ஜூலை 8

பாதிப் புழுவுக்கு மேல் செத்துவிட்டது. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து குருமூர்த்தி சார் வந்தார். சுண்ணாம்பு தூவச் சொன்னார்.

"யூரியா ஜாஸ்தியான எல தின்னாலும் புழுவுக்குத் தாக்குப் புடிக்கிற தெம்பு இருக்காதும்மா. எச்சத்த மக்க வைக்காம கொல்லையில போட்டீங்களா?"

"இல்லைங்க."

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். வேறென்ன சொல்வேன்?

ஜூலை 9

செடியைப் பிடுங்க ஆள் கூட்டி வருவார் என்று காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அழுகிறார்.

"நாந்தான் கோதை. உன் பாதியிலயும் யூரியாவ வீசிட்டேன். எல பத்தாம போயி, சொன்ன வார்த்தைக்காவ உன் செடிய நான் புடுங்கணுமான்னு இருந்துச்சு. அதான் புழு பூரா செத்துப்போச்சு."

அந்தக் கருப்பு என் சாணியின் கருப்பு இல்லையா? ஆத்திரம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியும் போனது. என் தப்பைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இனிமே ஒரு ஏக்கரும் உன் சாணிதான். சவுக்கு பேச்சே வேணாம்."

மூடிக்கொண்டேன்.

ஜூலை 12

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு ஏக்கரும் தொழு உரத்தில் துளிர்த்திருக்கிறது. உரக்குழியை அவரே வெட்டிக் கொடுத்தார். கருவேப்பிலங்குறிச்சி கமலம் மல்பெரி வைக்கப்போகிறாளாம், விவரம் கேட்க வந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"யூரியாவ போட்டு மொத்தப் புழுவையும் கொன்னவன் நான். என்ன மாதிரி பண்ணிடாதீங்க."

யார் வந்தாலும் இதைத்தான் சொல்கிறார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

"எச்சத்த என்னக்கா பண்ணுவீங்க?" என்று கமலம் என்னைக் கேட்டாள்.

"குழியில மூணு மாசம் மக்கணும். பச்சையா போடவே கூடாது."

"போட்டா என்னாவும்?"

அவரும் தெரிந்துகொள்ளும் ஆசையில் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.