மூன்று கரண்டிப் பால்

மார்ச் 3

வருஷத்தின் எண்ணை மாப்பிள்ளை போட்டுக்கொள்ளட்டும். என் கணக்கு வேறு. பெரிய பாலத்தை மூன்றாம் முறையாகத் திறந்து நான்காம் முறையாக மூடிய வருஷம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்த வருஷம். எங்கள் தெருமுனைத் தபால்பெட்டிக்குள் பூனை குட்டி போட்டதும் இந்த வருஷம்தான். பூனைக்கு மூன்று, என் மகளுக்கு ஒன்று. பூனைக்குட்டிகள் நலம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மகளின் வீட்டுக்காரர் எழுதுகிறார். நாற்பத்தைந்து வருஷம் லாரிக்குப் பஞ்சர் ஒட்டியவன் நான். எந்த லாரியில் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை ஒட்டு என்று இன்றைக்கும் சொல்வேன். தலையில் இருப்பது தாளில் எதற்கு என்று கேட்டேன். பச்சிளங்குழந்தை வார்டின் பெரிய சிஸ்டர் விடவில்லை. "தினம் என்ன நடந்துச்சோ எழுதி வைங்க. பாப்பா பெரிசானதும் படிக்கும்."

பெரிசானதும் என்றாள். நோட்டை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 4

பாப்பாவின் உடம்பெல்லாம் டியூப். நான் 'சின்ன டியூப்' என்று கூப்பிட்டேன். மகள் முறைத்தாள், கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இதயத்துக்கு நடுவில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் குழாய் குறுகல். அதனால்தான் அழுதால் உதடு நீலமாகிறது.

"ஓட்டைய என்ன பண்ணுவீங்க?"

"ஒட்டுப் போடுவோம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பசை என்ன பசை?"

"பசை இல்லீங்க ஐயா. தையல்."

மாப்பிள்ளை என் தொடையைக் கிள்ளினார். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிறேன், இவருக்கு என்ன? இதையும் எழுதுங்க மாப்பிள்ளை.

எடை ஏறிய பிறகுதான் ஒட்டுவார்களாம். எடை ஏறப் பால் வேண்டும்.

மார்ச் 6

குளிக்க வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். எண்பத்துமூன்று வயது, என்னைவிட ஆறு மூத்தவள். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடே இருந்துவிட்டவள். சின்ன வயதில் நான் வைத்த பெயர் குண்டூசி. வாய் அப்படி. பஞ்சர் ஒட்டுகிறவன் வீட்டில் குண்டூசி இருப்பது தொழிலுக்கு நல்லது என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"புள்ள எப்படி இருக்கு?"

"வந்து பாரேன்."

"நான் எதுக்கு? எட்ட இருந்தாப் போதும்."

அவள் கைக்குழந்தையைத் தொடமாட்டாள். என் மகள் பிறந்தபோதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்றாள். பிள்ளை எழுந்து நடந்த பிறகுதான் தூக்கினாள். அப்புறம் இறக்கவே இல்லை.

மார்ச் 9

பாலை நிறுத்திவிட்டார்கள். வயிறு உப்பிவிட்டது. மலத்தில் ரத்தம்.

இதயம் சரியாகத் தள்ளாததால் குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து குடல் புண்ணாகியிருக்கிறதாம். முற்றினால் குடல் அழுகுமாம், வெட்ட வேண்டியிருக்குமாம். இப்போதைக்குக் குடலுக்கு ஓய்வு; மருந்து மட்டும். "காத்து பிரிஞ்சு வயிறு வத்தினா நல்ல அறிகுறி" என்றார் டாக்டரம்மா.

ஆயுசு முழுக்கக் காற்று இறங்கினால் கவலைப்பட்டவன். இப்போது இறங்கவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 10

காற்று இல்லை.

மார்ச் 11

டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். குடும்பத்தில் முன்பு யாருக்காவது பிறவியிலேயே இதய நோய் உண்டா என்று கேட்டார்.

"அப்பாவைக் கேளுங்க" என்றாள் மகள். "ஆனா உக்காந்துக்கிட்டுக் கேளுங்க."

கொள்ளுத்தாத்தாவிடமிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது சித்தப்பாவுக்கு வரும்போது, "கொழந்தைங்க மட்டும் போதும் ஐயா" என்றார். அதனால் தம்பியைச் சொன்னேன். அவன் பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. அழுதால் உதடு மை தொட்ட மாதிரி இருக்கும். எட்டாம் நாள் வயிறு உப்பியது. ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

"ஆனா அது இதயம் இல்லம்மா. பால். எங்கம்மா அசந்து தூங்கினப்போ அவன் அழுதான்னு எங்க அக்கா கரண்டியில ஊத்திட்டா. மூணு கரண்டி. கட்டிலுக்கு அடியிலேருந்து நான்தான் எண்ணினேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா மொதல்ல நீலம், அப்புறம் வயிறு. உங்க பேத்திக்கு இப்ப நடக்கிறதேதான். மூணு கரண்டிப் பால்ல கொடல் அழுகாது. அதுக்கு முன்னாடியே ரத்தம் போகாம இருந்திருக்கும். அந்தக் கரண்டியே இல்லாட்டியும் அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு வைத்தியம் கெடையாது."

எழுபத்திரண்டு வருஷம்.

அம்மா கேட்டபோது அக்கா வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். என்னை யாரும் கேக்கலை. எண்ணத் தெரியும்னு காட்டிக்க, விரல மடக்கி மடக்கிச் சொன்னேன். "இனிமே உன் கை எந்தக் கைப்புள்ள மேலயும் படக்கூடாது"ன்னா அம்மா. அக்காவுக்குப் பதினொரு வயசு. படலையே. இன்னிக்கு வரைக்கும் படலையே.

போதும், மூடுங்க மாப்பிள்ளை.

மார்ச் 12

காற்று இல்லை. மாப்பிள்ளை ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார். இதை எழுதுவது வாசல் காவல்காரர். நேற்று எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காற்று பிரியட்டும், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 15

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய சிஸ்டர் வந்து நின்றாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

மகள் அழுதாள். மாப்பிள்ளை சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டு, "வாயு பிரிஞ்சிடுச்சுங்க" என்றார். பழக்க தோஷத்தில் தன் அலுவலக மேலாளருக்கும் சொல்லிவிட்டார். அவர் வாழ்த்துச் சொன்னாராம். காவல்காரர் எனக்கு சல்யூட் அடித்தார். ராஜா வீட்டு வாரிசுகூட இவ்வளவு பேர் காத்திருக்கக் காற்று விட்டிருக்காது.

வீட்டுக்குப் போனேன். அக்கா கேட்டுவிட்டு, "தாத்தன் மாதிரி இல்லாம அளவா விட்டாளா?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? பால் ஆரம்பிக்கட்டும்.

மார்ச் 24

பால். மூன்று மணிக்கு ஒரு முறை ஒரு மில்லி. எறும்புக்கே அரை வயிறு.

ஏப்ரல் 2

இருபது மில்லி. வாந்தி இல்லை, உப்பல் இல்லை. குடலை வெட்ட வேண்டியதில்லை என்று டாக்டரம்மா முடிவாகச் சொன்னார்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இதயத்தில் ஒட்டுப் போடட்டும், சேர்த்தே சொல்லலாம். மாப்பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க மாப்பிள்ளை, பாக்காதீங்க.

மே 20

நாளை காலையில் ஒட்டு.

வீட்டுக்குப் போனால் அக்கா பெட்டியில் துணி அடுக்குகிறாள். மில்லில் அவளோடு வேலை பார்த்தவள் வீட்டுக்குப் போகிறாளாம்.

"புள்ள வீட்டுக்கு வர்ற நேரம். நான் இங்க இருக்கக் கூடாது. நீ ஒண்ணும் சொல்லாத."

சொன்னேன். டாக்டரம்மா சொன்ன வார்த்தை ஒன்றுகூடக் குறையாமல், அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, சொன்னேன். அன்னைக்கு அம்மாகிட்டச் சொன்னது நான்தான்கா, என் வாய்தான், என்றேன்.

அக்கா ஒரு துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"ரெண்டு" என்றாள்.

"என்னக்கா?"

"ரெண்டு கரண்டிதான்டா. மூணாவத அவன் துப்பிட்டான். என் மடியெல்லாம் ஈரம். கட்டிலுக்கு அடியிலேருந்து பாத்தவனுக்கு அது எங்க தெரியும்?"

எழுபத்திரண்டு வருஷம் தப்பாகவே எண்ணியிருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ வாய மூடினாத்தானே நான் தெறக்க?"

பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "அந்த டாக்டர் நெசமாவே அப்படிச் சொன்னாளா? திருப்பிச் சொல்லு" என்றாள். நான்கு முறை சொன்னேன். என் ஞாபகத்தை அக்கா கேட்டு வாங்கியது இன்றைக்குத்தான்.

மே 21

ஐந்து மணி நேரம். ஒட்டு நிற்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு உத்தரவாதம் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "உங்களவிட அதிகம் ஓடும்" என்றார். மாப்பிள்ளை இந்த முறை கிள்ளவில்லை.

ஜூன் 14

சின்ன டியூப் வீட்டுக்கு வந்துவிட்டாள். உதடு சிவப்பு. பால் உறிஞ்சினால் இன்னும் களைத்துப்போகிறாள். மிச்சத்தைக் கரண்டியில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா கதவோரம் நின்றாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. மகளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் "அத்தை, எனக்குக் கை வலிக்குது" என்று மட்டும் சொல்லி, பாப்பாவை நீட்டினாள். அக்கா போய்க் கை கழுவினாள். வந்தாள். மறுபடியும் போய்க் கழுவினாள். மூன்றாம் முறை போகும்போது, "தோல் உரிஞ்சிடப்போகுது" என்றேன். உட்கார்ந்தாள்.

முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும். நான் வாயைத் திறந்தேன்.

"நீ எண்ணாத" என்றாள்.

மூன்றாவதைப் பாப்பா துப்பிவிட்டாள். அக்கா தன் மடியில் விழுந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அழுத மாதிரியும் இருந்தது.

மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் எழுதுங்க. தம்பி போன அன்று அந்த அறையில் இருந்தவர்களில் இன்று இருப்பவர்கள்: அம்மா, இல்லை. அப்பா, இல்லை. பேறு பார்த்த கிழவி, இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், இல்லை. தம்பி, இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தவன் எண்ணுவதை விட்டுவிட்டான், அவனைச் சேர்க்க வேண்டாம். அவனைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒருத்திதான். நாலாவது கரண்டியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

குண்டூசி.